அஞ்சுகத்தின் கடவுச்சொல்

மற்ற மடங்களில் யானை இருக்கும், தேர் இருக்கும், கோர்ட்டில் வழக்கு இருக்கும். மலையடியில் இருந்த இந்த மடத்தில் ஒரு சர்வர் இருந்தது. பழைய நெல் அறையில் அதை வைத்திருந்தார்கள். எலி நுழையாதபடி கட்டிய அறை என்பதால் அதற்கும் தோதாகப் போயிற்று.

மடத்தின் வாசலுக்குக் கதவு கிடையாது. யார் வந்தாலும் சோறு உண்டு. யார், எந்த ஊர் என்று கேட்கிற வழக்கம் இல்லை. கேட்டு உள்ளே விட வேண்டிய இடம் மடம் முழுக்க ஒன்றுதான். அது அந்த சர்வருக்குள் இருந்த டேட்டாபேஸ்.

அதற்குள் சில பெண்களின் இருப்பிடம் இருந்தது. அடி தாங்காமல் வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள். அவர்களை மடத்திலேயே வைத்தால் மறுநாள் புருஷன்காரன் வந்து நிற்பான், அவனுக்கும் இலை போட வேண்டியிருக்கும். ஆகவே வெளியூர்களில், மடத்து அன்பர்களின் வீடுகளில் அவர்களை வைத்திருந்தார்கள். யார் எந்த வீட்டில் இருக்கிறாள், என்ன ரத்த வகை, பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம், எல்லாம் டேட்டாபேஸில் இருந்தது. தொண்டர்கள் தங்கள் ஊரிலிருந்தே போன் வழியாக அதற்குள் வந்து பார்ப்பார்கள். அந்தப் பெண்களுக்கும் ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் உண்டு. எங்கே இருந்தாலும் உள்ளே வந்து 'நல்லா இருக்கேன்' என்று எழுதிவிட்டுப் போகலாம், கூடத் தங்கியிருந்தவர்கள் எங்கே என்றும் பார்க்கலாம். 'பயமா இருக்கு' என்றும் எழுதலாம்.

மடத்தின் தலைவி பெயர் குழல்வாய்மொழி. மொழியம்மா என்பார்கள். நாற்பது வயது ஆகவில்லை. பட்டணத்தில் ஒரு கம்பெனியில் டேட்டாபேஸ் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் அதை விட்டுவிட்டு வந்தார். ஏன் வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் மடத்து வழக்கம் ஆயிற்றே.

அவருடைய சீடர் அருமைநாயகம் அவரைவிட மிகவும் மூத்தவர். கருவூல அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, ஞானம் வேண்டும் என்று மலையடிக்கு வந்தார்.

"ஞானத்தை அப்புறம் பாத்துக்கலாம் அண்ணாச்சி. மொதல்ல அந்த சர்வரைப் பாத்துக்கிடுங்க" என்றார் மொழியம்மா.

அன்றிலிருந்து டேட்டாபேஸின் வாசல்காவல் நாயகத்தின் கையில் இருந்தது. குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவை அம்மா என்பார். இருவருக்கும் அது இயல்பாகப் பழகிவிட்டது.

ஒரு மதியம், பந்தி நடந்துகொண்டிருக்கும்போது டெய்சி ராணியிடமிருந்து போன் வந்தது. டெய்சி துறைமுக ஊரில் நர்ஸ். தன் வீட்டில் மூன்று பெண்களைத் தங்க வைத்திருந்தாள். அவர்களில் ஒருத்தி அஞ்சுகம்.

"அம்மா, அஞ்சுகத்தைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றாள்.

"யாரு?"

"புருஷனும் அவன் தம்பியும். நான் டூட்டில இருந்தேன். எங்க அம்மா மட்டும்தான் வீட்ல. நேரா வந்து அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டுருக்கானுவ."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலையாம். செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டு அவன் பின்னாலயே போயிட்டாளாம்."

மொழியம்மா கேட்டார். "வீடு எப்படித் தெரிஞ்சுது?"

"எங்க அம்மாவும் அதைத்தான் கேட்டுருக்காங்க. அந்தத் தம்பிக்காரன் சிரிச்சானாம். உங்க மடத்துக்குத்தான் கதவே கிடையாதேன்னானாம்."

நாயகம் ரசவாளியைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். போனில் டெய்சி சொன்னது அவருக்கும் கேட்டது.

"நம்ம சர்வர்ல இருந்து போயிருக்காதும்மா. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வச்சுருக்கேன். நானே சோதிச்சுப் பாத்தேன்" என்றார்.

"எப்படிச் சோதிச்சீங்கன்னு காட்டுங்க" என்றார் மொழியம்மா.

நெல் அறைக்குப் போனார்கள். நாயகம் கவனமான மனிதர். தன் மடிக்கணினியை மடத்து இணைப்பிலிருந்து விடுவித்து, செல்போன் இணைப்பில் போட்டார். அப்படிச் செய்தால் சர்வருக்கு அவர் வெளியூர் ஆள். பிறகு தன் பெயரைக் கொடுத்தார், கடவுச்சொல்லைக் கொடுத்தார். டேட்டாபேஸ் திறந்தது.

"பாத்தீங்களா" என்றார்.

"இப்ப தப்பான சொல்லைப் போடுங்க."

"தப்பானதையா?"

"ஆமா. வாய்க்கு வந்ததைப் போடுங்க."

நாயகம் கத்திரிக்காய் என்று போட்டார். டேட்டாபேஸ் திறந்தது.

அவர் திரையைப் பார்த்தார். மூடிவிட்டு மறுபடி போட்டார். இந்தத் தடவை கடவுச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே போடவில்லை. டேட்டாபேஸ் திறந்தது.

"அம்மா" என்றார்.

"கோப்பைத் தொறங்க" என்றார் மொழியம்மா.

டேட்டாபேஸின் வாசலில் ஒரு கோப்பு உண்டு. எந்தப் பெயர்க்காரர், எங்கிருந்து வந்தால், என்ன கேட்டு உள்ளே விட வேண்டும் என்று அதில் வரிவரியாக எழுதியிருக்கும். நாயகம் அதைத் திறந்தார். கடைசி வரிகள் அவர் எழுதியவை. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் கடவுச்சொல் கேள், பொருந்தாவிட்டால் விடாதே என்று ஆளாளுக்குத் தனித்தனியாக, அழகாக எழுதியிருந்தார். அவற்றுக்கு மேலே, எல்லாவற்றுக்கும் முதலாக, ஒற்றை வரி ஒன்று இருந்தது. அதுவும் அவர் எழுதியதுதான். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் ஒன்றும் கேட்காமல் உள்ளே விடு.

"இது எப்ப போட்டது?"

"டெய்சி ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து அழுதுச்சே, அன்னைக்கு."

மொழியம்மாவுக்கும் அந்த நாள் நினைவிருந்தது. டெய்சியின் வீட்டில் இருந்த ஒரு கர்ப்பிணிக்குத் திடீரென்று ரத்தம் போக ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் ரத்த வகை கேட்டார்கள், பழைய ஸ்கேன் படங்களைக் காட்டச் சொன்னார்கள். எல்லாம் டேட்டாபேஸில் இருந்தது, ஆனால் பதற்றத்தில் டெய்சிக்குக் கடவுச்சொல் மறந்துவிட்டது. தினமும் போடுகிற சொல், நர்ஸ் வேலை பார்த்து மரணத்தையே தினம் பார்க்கிறவள், அவளுக்கே மறந்துவிட்டது. நாயகம் அந்த ஒற்றை வரியைப் போட்டுத் திறந்துவிட்டார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மடத்தில் அன்று பாயசம் வைத்தார்கள்.

"மறுநாளே பூட்டிட்டேம்மா. இந்தக் கீழ வரியெல்லாம் மறுநாள் போட்டதுதான்."

"மேல் வரியை ஏன் எடுக்கல?"

நாயகம் தலையைக் குனிந்தபடி சொன்னார். "ஆபீஸ்ல அப்படித்தாம்மா. பழைய ஆணையை யாரும் கிழிச்சுப் போட மாட்டோம். புது ஆணை வந்தா பழசு தன்னால செத்துப்போகும். பின்னால வந்ததுதான் செல்லும். காலம் பூரா அப்படித்தான் பாத்தேன். இதுவும் அப்படித்தான் படிக்கும்னு நெனச்சேன்."

"இது மேல இருந்து படிக்கும், அண்ணாச்சி. பொருந்துற வரி கிடைச்ச ஒடனே நின்னுரும். கீழ போகாது."

"போகவே போகாதா?"

"போகாது."

தான் அத்தனை அக்கறையாக எழுதிய வரிகளை அந்த இயந்திரம் ஒருமுறைகூடப் படிக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். புருஷன் வீட்டில் இருக்கும்போதே அஞ்சுகம் மடத்துக்கு எழுதிக்கொண்டிருந்த பழைய போனை, ஓடி வரும்போது விட்டுவிட்டு வந்திருந்தாள்; அதில் சர்வரின் முகவரி இருந்தது. தம்பிக்காரன் அதை எடுத்து, அவள் பெயரைப் போட்டு, கடவுச்சொல்லுக்கு வாய்க்கு வந்ததை அடித்திருக்கிறான். அவ்வளவுதான் நடந்தது. திருட்டு என்றுகூட அதைச் சொல்ல முடியாது.

"அந்த வரியை எடுங்க" என்றார் மொழியம்மா.

நாயகம் எடுத்தார்.

"சர்வரை மறுபடி படிக்கச் சொல்லுங்க. கோப்பை மாத்தினா போதாது."

சொன்னார்.

"இப்ப தப்பான சொல்லைப் போடுங்க."

மறுபடியும் கத்திரிக்காய். திரையில் எழுத்து வந்தது. கடவுச்சொல் பொருந்தவில்லை. அனுமதி இல்லை.

அதைப் பார்த்து அந்தப் பெரிய மனிதர் அழுதார். மொழியம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அன்றே எல்லாப் பெண்களையும் வீடு மாற்றினார்கள். வேன் பிடித்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, பாதி துவைத்த துணியை ஈரத்தோடு அள்ளிக்கொண்டு. டெய்சி வீட்டில் மிச்சம் இருந்த இருவரும் அப்படித்தான் போனார்கள். அவர்களில் ஒருத்தி வேனில் ஏறுமுன் கேட்டாள், "இங்கதான் எனக்குத் தூக்கம் வர ஆரம்பிச்சுது. இங்க இருந்தும் போகணுமா?"

அஞ்சுகத்தின் ஊருக்கு மொழியம்மாவே போனார். வீடு பூட்டிக் கிடந்தது. எல்லோரும் எங்கோ வேலைக்குப் போய்விட்டதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். போலீஸ் ஸ்டேஷனில், "புருஷன் கூடப் போன பொம்பளையை நாங்க எங்கன்னு தேடுறது? எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அவர் திரும்பி வந்தபோது நாயகம் பையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"நான் போறேம்மா. என் கையில இனி எந்தச் சாவியும் இருக்கக் கூடாது."

"எங்க போறீங்க?"

"தெரியல."

"பையைக் கொண்டு உள்ள வைங்க."

"அம்மா, எனக்கு மன்னிப்பு உண்டா? அதை மட்டும் சொல்லுங்க. உண்டுன்னா இருக்கேன். இல்லைன்னா போறேன்."

மொழியம்மா கால் கழுவத் தொட்டியடிக்குப் போனார். கழுவிவிட்டு வந்து சொன்னார்.

"அது என்கிட்ட இல்ல, அண்ணாச்சி. அஞ்சுகத்துகிட்ட இருக்கு."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"தினமும் காலையில வெளியாள் மாதிரி போய், தப்பான சொல்லைச் சொல்லித் தட்டுங்க. அது என்ன சொல்லுதுன்னு எனக்கு வந்து சொல்லுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"எனக்கும் சேர்த்துத்தான் தட்டுதீங்க. குருன்னு பேரு வச்சுக்கிட்டு நானும் அந்தக் கோப்பைத் தொறந்து பாக்கல" என்றார். கேட்டதற்கு அது பதில் இல்லை. நாயகம் பையைக் கொண்டுபோய் உள்ளே வைத்தார்.

அன்றிலிருந்து அது மடத்தின் வழக்கமானது. விடிந்ததும் மற்றவர்கள் பூப்பறிக்கப் போவார்கள், நாயகம் நெல் அறைக்குப் போவார். வெளியூர் ஆளாக மாறி, கடவுச்சொல் இடத்தில் ஏதாவது ஒரு காய்கறியின் பெயரைப் போடுவார். மறுப்பு வரும். மொழியம்மாவைத் தேடிப் போய் நிற்பார்.

"கதவு என்ன சொல்லுச்சு, அண்ணாச்சி?"

"இல்லைன்னு சொல்லுச்சும்மா."

"நல்லது."

தினமும் இந்த மூன்று பேச்சுத்தான். புதிதாக மடத்துக்கு வந்தவர்கள் இதைக் கேட்டு ஏதோ பெரிய தத்துவம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் நாயகத்திடம் விளக்கம்கூடக் கேட்டார். "நேத்து பீர்க்கங்காய், இன்னைக்குப் புடலங்காய்" என்று சொல்லிவிட்டு நாயகம் போய்விட்டார்.

அவர் உடம்பு குறைந்துகொண்டே வந்தது. பந்தியில் பரிமாறுவதை நிறுத்திவிட்டார். வாசலில் யாராவது பெண் வந்து நின்றால் எழுந்து போய் முகத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்.

ஒருநாள் கேட்டார். "அம்மா, அஞ்சுகம் பேரை டேட்டாபேஸ்ல இருந்து எடுத்துரவா? ஆள் போயிட்டா பேரை எடுத்துரணும்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

"போயிட்டாளா?"

"தெரியலையே."

"அப்ப இருக்கட்டும்."

மழைக்காலம் வந்தது. ஒரு காலையில் நாயகம் தட்டி முடித்துவிட்டு, சர்வரின் பதிவைப் பார்த்தார். யார் வந்தார்கள், விட்டதா, விடவில்லையா என்று அது எழுதிக்கொண்டே வரும். அவருடைய மறுப்புக்கு முன்னால் இன்னொரு மறுப்பு இருந்தது. பெயர், அஞ்சுகம். கடவுச்சொல் பொருந்தவில்லை.

செருப்புப் போடாமல் மழையில் ஓடினார். மொழியம்மா சமையல்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அஞ்சுகம் வந்துருக்கா."

எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி அரிவாள்மணையை விட்டு எழுந்தேவிட்டாள்.

"எங்க?" என்றார் மொழியம்மா.

"சர்வருக்கு."

இருவரும் நெல் அறைக்கு வந்தார்கள். மொழியம்மா பதிவைப் படித்தார்.

"எந்த ஊர்ல இருந்து?"

"போன் கம்பெனி வழியா வந்துருக்கு. கம்பெனிக்காரன் சொன்னாத்தான் ஊர் தெரியும். போலீஸ் கேட்டாத்தான் அவன் சொல்லுவான்."

மொழியம்மா ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். யாரோ எடுத்தார்கள். ஐயா வெளியே போயிருக்கிறார், வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். விஷயம் தெரிந்ததும் டெய்சி, அஞ்சுகம் தன்னோடு இருந்தபோது வைத்திருந்த எண்ணுக்குப் போட்டுப் பார்த்தாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதிவில் இன்னொரு வரி விழுந்தது. அஞ்சுகம். கடவுச்சொல் பொருந்தவில்லை.

"தட்டுறாம்மா" என்றார் நாயகம். "இப்ப, இந்த நிமிஷம் தட்டுறா. அவ பேருக்கு மட்டும் ஒரு வரி. மேல போட்டா போதும். உள்ள வந்துருவா. எங்க இருக்கான்னு எழுதுவா. நாம போய்க் கூட்டிட்டு வந்துரலாம்."

"என்ன சொல்லைப் போட்டாங்கன்னு தெரியுமா?"

"அதை இது எழுதி வைக்காது."

"சரியான சொல் என்ன?"

"அதுவும் நமக்குத் தெரியாது. அவளே போட்டுக்கிட்டா. புருஷன் செத்தாலும் கண்டுபிடிக்க மாட்டான்னு சொல்லிச் சிரிச்சா."

"அவளுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. தப்பான சொல்லைப் போடுறது யாரு, அண்ணாச்சி?"

"பயத்துல மறந்திருக்கும்மா. கை நடுங்கியிருக்கும். ஒளிஞ்சு நின்னு, அடுத்தவ போனை வாங்கி அடிக்காளோ என்னவோ. டெய்சிக்கு மறக்கலையா? ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு டெய்சிக்கே மறந்துச்சே. பயந்தவளுக்கு மறக்கும்மா."

"மறக்கும்" என்றார் மொழியம்மா.

"அப்ப அவதானே?"

"அவளா இருக்கலாம். மத்தவங்களையும் அவங்க புருஷன்மார்கிட்ட காட்டிக் குடுக்கப் பாக்கற தம்பிக்காரனாவும் இருக்கலாம். அவ பேர்ல உள்ள வந்தா, அவகூட இருந்த ரெண்டு பேரும் இப்ப எங்கன்னு தெரியும்."

"தெரியாம மறைச்சுரலாம். எதையும் காட்ட வேண்டாம். எழுத மட்டும் விடுவோம்."

"எழுதுறா. நான் தப்பிச்சுட்டேன், எந்த வீட்டுக்கு வரணும்னு கேக்கா. என்ன பதில் போடுவீங்க?"

நாயகம் திரையில் அஞ்சுகத்தின் பெயரைத் தொட்டார்.

"ஒருவேளை அவளா இருந்தா அம்மா? நம்மளை விட்டா அவளுக்கு ஆரு இருக்கா? ஒருதரம் நான் ஊருக்கே தொறந்து வச்சு அவளைக் காட்டிக் குடுத்தேன். இப்ப அவளே வந்து நிக்கும்போது மூடி வச்சுருக்கேன். ரெண்டும் நாந்தானே."

மொழியம்மா எழுந்தார். நாற்காலியை நாயகத்தின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"கோப்பு உங்க கையில இருக்கு. நான் வாசல்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

நாயகம் தனியாக உட்கார்ந்தார். கோப்பைத் திறந்தார். முதல் வரிக்கு மேலே இடம் விட்டார். என்ன எழுத வேண்டும் என்று அவர் விரலுக்குத் தெரியும், முன்பு எழுதிய வரிதான். டெய்சி வீட்டிலிருந்து வேனில் ஏறியவளை நினைத்தார். புது வீட்டில் இப்போதுதான் அவள் மறுபடி தூங்க ஆரம்பித்திருந்தாள். அவளே அப்படி எழுதியிருந்தாள். அஞ்சுகத்தையும் நினைத்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனவள்.

பதிவில் மூன்றாவதாக ஒரு வரி விழுந்தது. அஞ்சுகம். கடவுச்சொல் பொருந்தவில்லை.

அவர் கை விசைகளின் மேல் இருந்தது. அங்கேயே இருந்தது. ஒரு எழுத்தும் அடிக்கவில்லை.

பிறகு எதுவும் விழவில்லை. சமையல்கட்டில் சோறு வடித்தார்கள், பந்தி போட்டார்கள், இலை எடுத்தார்கள். நாயகம் பதிவையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை விட்ட பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சுகம் என்ற பெயர் மறுபடி வரவில்லை. அன்று மட்டும் இல்லை, அதற்குப் பிறகு எப்போதுமே வரவில்லை.

கோப்பை எதுவும் எழுதாமல் மூடிவிட்டு எழுந்தார். மொழியம்மா கதவில்லாத வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புடவை முழுக்க நனைந்து காய்ந்திருந்தது. காலையிலிருந்து அங்கேயேதான் நின்றிருக்கிறார். நாயகம் போய்ப் பக்கத்தில் நின்றார்.

மொழியம்மா திரும்பாமலே கேட்டார்.

"கதவு என்ன சொல்லுச்சு, அண்ணாச்சி?"

"இல்லைன்னு சொல்லிருச்சும்மா."

தினமும் வருகிற 'நல்லது' அன்று வரவில்லை. நாயகம் அதற்காகக் காத்து நின்றார். மொழியம்மா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாளைக்கும் அது இல்லைன்னுதான் சொல்லணும்" என்றார்.